பேங்க் ஏலத்துல வீடு எடுக்கறவங்களுக்கு: ஈசில நிக்கற பழைய கடன் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விங்க

பேங்குக்கு லீகல் ஒப்பீனியன் குடுக்கற வக்கீல் ஆபீஸ்ல வேலை எனக்கு. ஈசி (ஒரு சொத்து மேல என்னென்ன ஆவணம் பதிவாகிருக்குன்னு காட்டற வில்லங்கச் சான்றிதழ்) பாக்கறது, டைப் பண்றது, ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு அலையறது இதான் பொழப்பு. ஏல வீடு சம்பந்தமா கேக்கறவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வராங்க, பழைய கடன் ஈசில நிக்குது, இதை என்ன பண்றதுன்னு. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு பதில் எழுதிருக்கேன். இது தமிழ்நாட்டு நடைமுறை, அதுலயும் சர்ஃபாசி சட்டம் 2002-ல, அதாவது கடன் கட்டாதவர் அடமானம் வச்ச சொத்தை கோர்ட்டுக்குப் போகாமயே விக்கற சட்டத்துல, விடற பேங்க் ஏலம். நான் வக்கீல் இல்ல, பெரிய காசு போடறதுக்கு முன்னாடி உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.

பேங்க்கே ஏலம் விடுது, வில்லங்கம் எல்லாம் அவங்களே பாத்துருப்பாங்கல்ல? நான் எதுக்குத் தனியா பாக்கணும்?

பாத்திருப்பாங்க, ஆனா லோன் குடுத்தப்ப பாத்தது. 2013-ல லோன் குடுக்கும்போது 30 வருஷ ஈசி பாத்து ஒப்பீனியன் வாங்கிருப்பாங்க. அதுக்கப்புறம் கடன்காரர் கஷ்டத்துல இன்னொரு இடத்துல அதே வீட்டைக் காட்டிக் கடன் வாங்கிருக்கலாம், வட்டிக்குக் குடுத்தவர் சிவில் கோர்ட்ல அட்டாச்மெண்ட் (ஜப்தி) வாங்கிருக்கலாம், சேல்ஸ் டாக்ஸ்காரங்க ஒரு லெட்டர் போட்டு ஏத்திருக்கலாம், இது எதுவும் அந்த ஒப்பீனியன்ல இருக்காது. ஏல நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி புதுசா ஈசி போட்டுப் பாக்கற பிராஞ்சும் இருக்கு, பழைய ஃபைலைப் பாத்து அப்படியே டைப் பண்ற பிராஞ்சும் இருக்கு.

சர்ஃபாசி சட்டத்துக்குக் கீழ இருக்கற ரூல்ஸ்ல ரூல் 8(6)-படி ஏல நோட்டீஸ்ல பேங்குக்குத் தெரிஞ்ச வில்லங்கத்தைப் போடணும். தெரிஞ்சதை மட்டும்தான். அந்தக் கட்டத்துல நிறைய நோட்டீஸ்ல 'நாட் நோன்' (தெரியாது)னு போட்டு முடிச்சிருப்பாங்க, அதை 'நில்' (எதுவும் இல்ல)னு படிச்சுட்டு சந்தோஷமா ஏலத்துல உக்கார்றவங்க ஜாஸ்தி. நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதான்: ஈசில நீங்க கண்டுபிடிச்சதை ஏலத்துக்கு முன்னாடியே ஆத்தரைஸ்டு ஆஃபீசருக்கு (பேங்க் சார்பா ஏலத்தை நடத்தற அதிகாரி) ஈசி காப்பியோட மெயில் பண்ணி, இந்த எண்ட்ரிக்கு என்ன பதில்னு கேளுங்க. அந்த மெயில் போனதுக்கப்புறம் அவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வழி இல்ல. கீழ பாதி பதில் இந்த மெயில்லதான் வந்து நிக்கும்.

எம்ஓடிங்கறாங்க, ரசீதுங்கறாங்க, ஈசில எதைப் பாக்கணும்னே புரியல

எம்ஓடின்னா பத்திரத்தை பேங்க்ல வச்சுக் கடன் வாங்கினதுக்கு எழுதற பதிவு. கடன் கட்டி முடிச்சதும் பேங்க் எழுதிக் குடுக்கறது ரசீது. ரெண்டும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாகணும், அப்பதான் ஈசில ஒண்ணு ஏறினதும் இன்னொண்ணு அதை முடிச்சதும் தெரியும். டிஎன்ரெஜிநெட் சைட்ல காசு கட்டாமயே ஈசி பாக்கலாம், 1975-லேர்ந்து எடுங்க.

பாக்கற விதம் இதான். ஒவ்வொரு எண்ட்ரிலயும் ஆவண எண், தேதி, எழுதிக் குடுத்தவர், எழுதி வாங்கினவர், ஆவணத்தோட தன்மை இருக்கும், கூடவே முந்தைய ஆவண எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கும். யாரும் பாக்காம விடறது அந்தக் கட்டம்தான். உதாரணத்துக்கு 2014-ல 3120-ம் நம்பர்ல ஒரு எம்ஓடி, 2017-ல டாப்-அப் (அதே வீட்டு மேல கூடுதல் கடன்) வாங்கும்போது 988-ம் நம்பர்ல இன்னொரு எம்ஓடி, 2019-ல ஒரு ரசீதுன்னு வச்சுக்கோங்க. ரசீது வந்துடுச்சு, கடன் முடிஞ்சுதுன்னு தோணும். ரசீதோட முந்தைய ஆவண எண் கட்டத்துல 3120/2014 மட்டும் இருந்தா 2017 எம்ஓடி இன்னும் உயிரோடதான் இருக்கு. ஒரு பேப்பர்ல இடது பக்கம் எல்லா அடமானமும் எழுதி வலது பக்கம் அதை முடிச்ச ரசீது நம்பரை எழுதுங்க, வலது பக்கம் காலியா இருக்கறதுதான் உங்க பிரச்சனை லிஸ்ட்.

ஈசி நில் வந்துடுச்சு. அப்ப சேஃப்தானே?

பாதிதான். முதல்ல எந்த சர்வே நம்பருக்குப் போட்டீங்கன்னு பாருங்க, உட்பிரிவு ஆகறதுக்கு முன்னாடி இருந்த பழைய நம்பர், பழைய கதவு நம்பர் எல்லாத்துக்கும் போடணும். சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பிரிஞ்ச ஏரியான்னா பழைய ஆபீஸ்லயும் போடணும். அப்புறம், டைட்டில் டீட் வச்சு வாங்கற கடனுக்கான அக்ரிமெண்ட்டை தமிழ்நாட்டுல கட்டாயம் பதிவு பண்ணணும்னு வந்ததே 2012 டிசம்பர்லதான், அதுக்கு முன்னாடி பத்திரத்தைக் கைல குடுத்துட்டு வாங்கின கடன் ஈசில தெரியாமயே இருக்கலாம்.

அதுக்குத்தான் செர்சாய். பேங்குங்க வச்சிருக்கற அடமானத்தை எல்லாம் பதிவு பண்ற மத்திய பதிவேடு, 2011-லேர்ந்து இருக்கு, யார் வேணாலும் சின்னத் தொகை கட்டித் தேடலாம். சொத்தை வச்சும் தேடுங்க, கடன்காரர் பேரை வச்சும் தேடுங்க. கடன்காரர் கம்பெனின்னா எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல சார்ஜ் லிஸ்ட்டும், அதாவது சொத்து மேல இருக்கற கடன் பிடிப்புங்க பட்டியலும், பாத்துடுங்க. கேஸ் நடக்கறது ஈசில வராது, ஈகோர்ட்ஸ் சைட்ல கடன்காரர் பேரையும் அவர் அப்பா பேரையும் போட்டுத் தேடினா பாகப்பிரிவினை கேஸ் ஏதாவது இருந்தா மாட்டும்.

'அஸ் இஸ் வேர் இஸ்' (இருக்கற இடத்துல இருக்கற நிலைமைல)னு போட்டிருக்கே, அப்ப இருக்கற கடன் எல்லாம் என் தலைலயா?

எல்லாமும் இல்ல. வீட்டோட நிலைமை, அளவு வித்தியாசம், உள்ள ஆள் இருக்கறது, வரி பாக்கி மாதிரி விஷயத்துல பேங்க் கையைக் கழுவிக்கறதுக்குத்தான் அந்த வரி நல்லா உதவுது. ஆனா பேங்க் தனக்குத் தெரிஞ்ச அடமானத்தையோ கேஸையோ மறைச்சு வித்துட்டு அப்புறம் அந்த வரியைக் காட்டினா அது நிக்கறது கஷ்டம், ஏன்னா தெரிஞ்சதைச் சொல்லணும்னு ரூல்லயே இருக்கு.

இன்னொண்ணு, ஏலம் முடிஞ்சு குடுக்கற விற்பனைச் சான்றிதழைக் கூர்ந்து பாருங்க. ரூல்ஸோட அஞ்சாவது பின்னிணைப்புல அதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுல கீழ, பேங்குக்குத் தெரிஞ்ச வில்லங்கம் எதுவும் இல்லாம விக்கப்பட்டதுன்னு ஒரு வரி வரும், அதுக்கடியில வில்லங்கப் பட்டியல்னு ஒரு தலைப்பு, அதுக்கடியில 1, 2ன்னு இடம் விட்டிருக்கும். வில்லங்கம் இல்லாம வித்தாங்களா இல்லயான்னு சான்றிதழ்ல தெளிவா சொல்லணும்ங்கறது ரூல் 9(10). அந்த இடத்துல என்ன டைப் பண்ணப் போறாங்கன்னு டிராஃப்ட்லயே கேட்டு வாங்கிப் படிங்க. கையெழுத்தும் சீலும் விழுந்தப்புறம் ஒரு வரியை மாத்த ரீஜனல் ஆபீஸ் வரைக்கும் ஃபைல் போகும்.

ஏலம் விட்ட பேங்கோட எம்ஓடியே ஈசில நிக்குது சார். மேனேஜர் 'லோன் முழுசா குளோஸ் ஆகல, ரசீது போட முடியாது'ங்கறார்

ரொம்ப ரொம்ப வர்ற கேள்வி. அவர் சொல்றதுல பாதி சரி. கடன் 80 லட்சம், வீடு 55 லட்சத்துக்குப் போச்சுன்னா மீதி 25 லட்சம் கடன்காரர் மேல இன்னும் நிக்குது, லோன் அக்கவுண்ட் திறந்துதான் இருக்கு, சிஸ்டத்துல குளோஷர் வராது. ஆனா அந்த மீதிக்கு இந்த வீடு இனிமே செக்யூரிட்டி இல்ல. வித்து சான்றிதழ் குடுத்தப்புறம் வீட்டு மேல அவங்களுக்குப் பிடிப்பு எதுவும் கிடையாது.

அதனால 'கடன் முழுவதும் தீர்ந்தது'ன்னு எழுதற வழக்கமான ரசீதைக் கேக்காதீங்க, அது கிடைக்காது. 'இந்தச் சொத்தைப் பொறுத்த மட்டும் அடமானம் சர்ஃபாசி விற்பனை மூலம் தீர்ந்துவிட்டது, மீதிக் கடனைக் கடன்காரரிடம் தனியே வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு'ன்னு ஒரு டிராஃப்ட் நீங்களே அடிச்சுக் குடுங்க. அவங்க லீகல் டிபார்ட்மெண்ட் பாத்து ஓகே பண்றது அப்ப சுலபம். ஒரே எம்ஓடில வீடும் அப்பாவோட தோட்டமும் சேர்ந்து இருந்தா கூட இதே டிராஃப்ட் செட் ஆகும், வீட்டை மட்டும் விடுவிக்கலாம். செர்சாய்லயும் இந்தச் சொத்தை விடுவிச்சதா ஏத்தச் சொல்லுங்க, அதை எல்லாரும் மறந்துடறாங்க.

எப்ப கேக்கணும்? மீதிப் பணம் கட்டறதுக்கு முன்னாடி. 25 சதவீதம் கட்டியாச்சு, 75 சதவீதம் உங்க கைல இருக்கும்போது உங்க மெயிலுக்கு அன்னிக்கே பதில் வரும். பணம் முழுசா போய்ச் சேர்ந்தப்புறம் அதே மெயிலுக்கு ஆத்தரைஸ்டு ஆஃபீசர் டிரான்ஸ்ஃபர்ல போய்ட்டாருன்னு பதில் வரும்.

வேற பேங்க் பேர்ல ஒரு எம்ஓடி ரசீது இல்லாம இருக்கு. ஏலம் விடறது இன்னொரு பேங்க். எடுக்கலாமா?

தேதியைப் பாருங்க முதல்ல. அந்த வேற பேங்கோடது முன்னாடி தேதின்னா பெரும்பாலும் டேக் ஓவர் கதையா இருக்கும். ஹோம் லோனை வட்டி கம்மின்னு ஒரு பேங்க்லேர்ந்து இன்னொரு பேங்குக்கு மாத்திருப்பாங்க, பழைய பேங்க் பணத்தை வாங்கிட்டுப் பத்திரத்தையும் குடுத்துருக்கும், ரசீதை மட்டும் யாரும் பதிவு பண்ணிருக்க மாட்டாங்க. ஏலம் விடற பேங்கோட ஃபைல்ல அந்த டேக் ஓவர் செக் காப்பியும் குளோஷர் லெட்டரும் கண்டிப்பா இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. ஒரிஜினல் தாய்ப்பத்திரம் ஏலம் விடற பேங்க் கைல இருந்தா அதுவே நல்ல அறிகுறி. அப்புறம் பழைய பேங்க் பிராஞ்சுக்குப் போய் ரசீது பதிவு பண்ணச் சொல்லணும். செலவு பெருசில்ல, யார் குடுக்கறதுன்னு சண்டை போடாம நீங்களே குடுத்துட்டு வாங்கிடுங்க.

நிஜமாவே முன்னாடி தேதில உயிரோட இருக்கற கடன்னா, ஏலம் விடற பேங்க் ரெண்டாவது சார்ஜ் வச்சிருக்குன்னு அர்த்தம். அப்ப முதல் பேங்கோட எழுத்துப்பூர்வ என்ஓசி இல்லாம கையே வைக்காதீங்க. வில்லங்கத்தோட விக்கறாங்கன்னு நோட்டீஸ்லயே சொல்லிருந்தா ரூல் 9(7)ல ஒரு வழி இருக்கு, அந்தக் கடனைத் தீர்க்க வேண்டிய பணத்தையும் நீங்க ஆத்தரைஸ்டு ஆஃபீசர்கிட்ட டெபாசிட் பண்ணலாம், பண்ணினா அந்த வில்லங்கம் நீங்கி உங்க கைக்கு வரும். ஏலத் தொகையோட அதையும் கூட்டிப் பாத்து மார்க்கெட் ரேட்டைத் தாண்டுதான்னு கணக்குப் போடுங்க.

பின்னாடி தேதின்னா அவ்வளவு பயம் இல்ல, ஏலம் விடற பேங்க்தான் சீனியர். ஆனா செர்சாய்ல யார் முன்னாடி ஏத்தினாங்கன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ஈசில இருக்கற பேங்க் பேரே இப்ப கிடையாது. ரசீது யார்கிட்ட வாங்கறது?

எந்த பேங்க் எதுல சேர்ந்துதுன்னு பாத்து அங்க போகணும், அவ்ளோதான். பேங்க் ஆஃப் மதுரா 2001-ல ஐசிஐசிஐல போச்சு. விஜயா, தேனா ரெண்டும் 2019 ஏப்ரல்ல பேங்க் ஆஃப் பரோடால. 2020 ஏப்ரல் 1-ம் தேதி அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்க்லயும், சிண்டிகேட் கனராலயும், ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியன் பேங்க்லயும் சேர்ந்துது. லட்சுமி விலாஸ் 2020 நவம்பர்ல டிபிஎஸ் ஆச்சு. ஹெச்டிஎஃப்சி லிமிடெட் 2023 ஜூலைல ஹெச்டிஎஃப்சி பேங்க்ல சேர்ந்துது. சேர்ந்த பேங்க்தான் ரசீது குடுக்கணும்.

இதை விட சிக்கல், கடனை பேங்க் ஒரு ஏஆர்சி கம்பெனிக்கு (வாராக்கடனை வாங்கி வசூல் பண்ற கம்பெனி) வித்துட்டு அந்தக் கம்பெனி ஏலம் விடறது. ஈசில பேங்க் பேர், சான்றிதழ்ல ஏஆர்சி பேர், நடுவுல ஒரு அசைன்மெண்ட் டீட், கடனைக் கைமாத்தின பத்திரம். அந்த அசைன்மெண்ட் டீட்ல உங்க கடன்காரர் பேர் வர்ற பக்கத்தோட காப்பி உங்க ஃபைல்ல இருந்தே ஆகணும், இல்லன்னா நாளைக்கு விக்கும்போது சங்கிலில ஒரு வளையம் காணோம்னு வாங்கறவரோட வக்கீல் நிறுத்திடுவார்.

1989-ல ஒரு தனியார்கிட்ட வச்ச அடமானம் ரசீது இல்லாம இருக்கு, அவரும் செத்துப் போய்ட்டார். என்ன பண்றது?

அடமானத்தை வச்சுப் பணம் கேட்டு கேஸ் போட சட்டத்துல 12 வருஷம்தான், பணம் கட்ட வேண்டிய தேதிலேர்ந்து எண்ணணும். நடுவுல வட்டி கட்டி எழுதிக் குடுத்திருந்தா அந்தக் கணக்கு நீளும், ஆனா 1989 எண்ட்ரிக்கு இத்தனை வருஷம் யாரும் கேஸ் போடலன்னா நடைமுறைல அது செத்த கடன்தான். இருந்தாலும் வாரிசு யாராவது கிடைச்சா இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வச்சு அவங்ககிட்ட ரசீது எழுதி வாங்கறதுதான் சுத்தம். கிடைக்கலன்னா ஈகோர்ட்ஸ்ல தேடின பிரிண்ட்டோட வக்கீல் ஒப்பீனியன் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஒத்தி மட்டும் வேற. கடன் குடுத்தவரே வீட்டுல குடியிருந்து அனுபவிக்கறது ஒத்தி, தெக்கத்திப் பக்கம் இது நிறைய. அதுல 12 வருஷம் போச்சு செத்துப் போச்சுன்னு சொல்ல முடியாது, ஆள் உள்ள உக்காந்திருக்கார். பேங்க் அடமானத்துக்கு முன்னாடி பதிவான ஒத்தின்னா ஒத்திப் பணத்தைக் குடுத்துத்தான் மீட்கணும். நேர்ல போய் கதவைத் தட்டி நீங்க யாருன்னு கேக்காம ஏலத்துல உக்காரக் கூடாதுங்கறது இதுக்காகத்தான்.

கோர்ட் அட்டாச்மெண்ட் ஒண்ணு ஈசில ஏறிருக்கு. பேங்க் 'அது எங்களுக்கு அப்புறம் வந்தது, கண்டுக்காதீங்க'ங்கறாங்க

சட்டப்படி பேங்க் சொல்றது சரிதான். அடமானத்துக்கு அப்புறம் வந்த அட்டாச்மெண்ட், கடன்காரருக்கு அந்த வீட்டுல மிச்சம் இருக்கற உரிமையை மட்டும்தான் பிடிக்கும். பேங்க் கடன் போக மீதிப் பணம் இருந்தா அதுல அவர் பங்கு கேக்கலாம்.

ஆனா கண்டுக்காம விட்டா ஈசில அது அப்படியே நிக்கும், தானா போகாது. அந்தக் கோர்ட்லயே உரிமை கோரி மனு போட்டு, சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 21 ரூல் 58, அட்டாச்மெண்ட்டை ரத்து பண்ணி ஆர்டர் வாங்கி அதை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஏத்தணும். டைம் ஆகும். ஏலத் தொகையை முடிவு பண்ணும்போதே இந்தச் செலவையும் அலைச்சலையும் கழிச்சுக்கோங்க. அட்டாச்மெண்ட் அடமானத்துக்கு முன்னாடின்னா, நான் எடுக்க மாட்டேன்.

கமர்ஷியல் டாக்ஸ் அட்டாச்மெண்ட்? கவர்மெண்ட் பாக்கிதான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்றாங்களே

முன்னாடி அப்படித்தான் இருந்துது. 2016-ல சட்டத் திருத்தம் வந்து, அந்த வருஷம் நவம்பர்லயே மெட்ராஸ் ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் அடமானம் வச்சிருக்கற பேங்குக்குத்தான் முன்னுரிமை, வரி பாக்கி அப்புறம்தான்னு சொல்லிடுச்சு. சர்ஃபாசிலயே 26ஈ-ன்னு ஒரு பிரிவு 2020 ஜனவரி 24-லேர்ந்து நடைமுறைல இருக்கு, அதுவும் இதையேதான் சொல்லுது, ஆனா பேங்க் தன் அடமானத்தை செர்சாய்ல பதிவு பண்ணிருக்கணும். செர்சாய் பாருங்கன்னு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறைல வரி ஆபீஸ் தானா வந்து எண்ட்ரியை எடுக்காது. மனு குடுங்க, எடுக்கலன்னா ஹைகோர்ட்ல ரிட் போட்டு எடுக்கறாங்க. ஃபேக்டரி, மில்லு மாதிரி இடம்னா பிஎஃப் பாக்கி தனிக் கதை, பிஎஃப் சட்டத்துலயே அதுக்கு முதல் சார்ஜ்னு எழுதிருக்கு. குடியிருக்கற வீடுன்னா அது பெரும்பாலும் வராது.

வீட்டு வரி, தண்ணி வரி, இபி பாக்கி, அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் இதெல்லாம் யார் கட்டணும்?

நடைமுறைல நீங்க. வீட்டு வரி சொத்து மேலயே நிக்கற சார்ஜ். தெரியாம வாங்கினவர் மேல அதை வசூல் பண்ண முடியாதுன்னு 1971-ல சுப்ரீம் கோர்ட் ஒரு அகமதாபாத் கேஸ்ல சொல்லிருக்கு, நெட்ல யாராவது அதைக் காட்டுவாங்க. ஆனா பேங்க் நோட்டீஸ்ல 'சட்டப்படியான பாக்கி எல்லாம் வாங்கறவர் பொறுப்பு'ன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிச்சுட்டுத்தான் ஏலம் கேக்கறீங்க, அப்புறம் தெரியாதுன்னு சொல்ல வாய்ப்பே இல்ல. இபி விஷயத்துல 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு, பழைய ஓனர் பாக்கியைக் கட்டினாத்தான் புது கனெக்ஷன்னு போர்டு விதி வச்சிருந்தா அது செல்லும்னு. இந்தத் தொகை எல்லாம் ஏலத்துக்கு முன்னாடி ஒரு நாள்ல தெரிஞ்சுக்கலாம், சர்வீஸ் நம்பரும் வரி நம்பரும் போதும். அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட நேர்ல பேசுங்க, அவருக்கு வரி பாக்கியை விட ஜாஸ்தி விஷயம் தெரியும்.

கோர்ட் ஏலமும் பேங்க் ஏலமும் ஒண்ணுதானே?

இல்ல, இது பெரிய வித்தியாசம். கைமாத்துக் கடனுக்கு டிகிரி (கோர்ட்டோட தீர்ப்பாணை) வாங்கி கோர்ட் ஏலம் விட்டா, கடன்காரருக்கு என்ன உரிமை இருந்துதோ அது மட்டும்தான் உங்களுக்கு வரும். வீட்டு மேல பேங்க் அடமானம் இருந்தா அது வீட்டோடயே உங்ககிட்ட வரும். 60 லட்சம் வீடு 20 லட்சத்துக்குப் போகுதேன்னு தோணினா பெரும்பாலும் 40 லட்சம் எம்ஓடி உள்ள இருக்கும். கோர்ட் ஏலத்துலயும் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாள்ல கட்டணும், அதனால ரெண்டும் பாக்க ஒரே மாதிரி தெரியும்.

சப் ரெஜிஸ்ட்ரார் விற்பனைச் சான்றிதழை ஏத்த மாட்டேங்கறார், ஈசில அட்டாச்மெண்ட் இருக்குன்னு

வாயால சொன்னதை நம்பி திரும்பி வராதீங்க, எழுத்துல மறுப்பு ஆணை கேளுங்க. அது கைல இருந்தாத்தான் மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவுச் சட்டம் பிரிவு 72-ல அப்பீல் போக முடியும், 30 நாள்தான் டைம்.

சான்றிதழைக் கட்டாயம் ரெஜிஸ்டர் பண்ணணுமான்னும் சேத்துக் கேப்பாங்க. ஆத்தரைஸ்டு ஆஃபீசர் காப்பி அனுப்பினா ரெஜிஸ்டர் ஆபீஸோட முதல் புத்தகத்துல (புக் 1) கோப்பு பண்ணினாப் போதும், பதிவு கட்டாயமில்லன்னு சுப்ரீம் கோர்ட் 2021-லயும் 2024 நவம்பர்லயும் சொல்லிருக்கு. அதே 2024 தீர்ப்புல, பதிவுக்குக் குடுத்தா முத்திரைத்தாள் கட்டணும்னும் இருக்கு. காசு மிச்சம்தான், ஆனா பின்னாடி லோன் போடவோ விக்கவோ போறீங்கன்னா பதிவு பண்ணின சான்றிதழ்தான் பேங்க்காரங்களுக்குப் பழக்கம். அதுல வாக்குவாதம் பண்ணி ஜெயிக்கறது களைப்பான வேலை.

கடன்காரர் திடீர்னு பணத்தைக் கட்டி வீட்டைத் திருப்பிக்கிட்டா?

ஏல நோட்டீஸ் வெளிவந்தப்புறம் அந்த உரிமை இல்லன்னு 2023 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும்தான் முடியும். ஆனா நோட்டீஸ் ஒழுங்கா குடுக்கல, 30 நாள் விடல, விலை கம்மின்னு அவர் சென்னை, கோவை, மதுரை எந்த டிஆர்டியோ (கடன் வசூல் தீர்ப்பாயம்) அங்க போகலாம். நடைமுறைல தப்பு இருந்தா ஏலமே ரத்தாகி உங்க பணம் திரும்பி வரும். கேஸ் நம்பர் இருக்கான்னு ஆத்தரைஸ்டு ஆஃபீசர்கிட்ட அதே முதல் மெயில்லயே கேட்டுடுங்க.

பேலன்ஸ் கட்ட அஞ்சு நாள்தான் இருக்கு, இப்பதான் பழைய எம்ஓடி ஒண்ணு தெரிஞ்சுது. கட்டாம நிறுத்திடட்டுமா?

சும்மா நிறுத்தாதீங்க. விற்பனையை உறுதி பண்ணின தேதிலேர்ந்து 15 நாள்ல கட்டலன்னா டெபாசிட் பறிபோகும், ரூல் 9(5). 25 சதவீதமும் பறிமுதல் பண்ணது சரிதான்னு 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்த கேஸே தமிழ்நாட்டுலேர்ந்து போனது. அதுல ஏலம் எடுத்தவருக்கு மீதிப் பணத்துக்கு லோன் கிடைக்கல, ஹைகோர்ட் அவருக்குச் சாதகமா சொல்லியும் நிக்கல.

அன்னிக்கே ஈசி காப்பியோட மெயில் போடுங்க, ரிஜிஸ்டர்டு தபாலும் போடுங்க, இந்த எண்ட்ரி நோட்டீஸ்ல இல்ல, தீர்த்துக் குடுங்க, அதுவரைக்கும் டைம் குடுங்கன்னு. ரூல் 9(4)-படி ரெண்டு பேரும் எழுத்துல ஒத்துக்கிட்டா மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். எழுத்துலன்னா எழுத்துல, போன்ல 'பாத்துக்கலாம் சார்'னு சொன்னது கணக்குல வராது. பதில் வரலன்னா கெடு முடியறதுக்குள்ள வக்கீலைப் பிடிச்சு இடைக்கால ஆர்டர் கேளுங்க, முடிஞ்சப்புறம் போனா டெபாசிட்டைத் திருப்பி வாங்கற கேஸா மாறிடும். அதுக்குள்ள எம்ஓடி என்ன வகைன்னு மேல வேற பேங்க் கேள்வில சொன்ன மாதிரி பிரிச்சுப் பாருங்க, டேக் ஓவர் கதையா இருந்தா பணத்தைக் கட்டிட்டு ரசீதைத் துரத்தறதுதான் லாபம்.

எடுத்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப விக்கறேன், வாங்கறவரோட பேங்க் ரசீது கேக்குது. லேட்டானா நாளைக்கு 5,000 ரூபா குடுக்கணும்னு ஆர்பிஐ சொல்லிருக்குல்ல, அதை வச்சு மிரட்டலாமா?

அது உங்களுக்கு இல்ல. 2023 டிசம்பர் 1-லேர்ந்து முடியற கடன்ல, முழுசாக் கட்டின கடன்காரருக்கு 30 நாள்ல பத்திரத்தைக் குடுத்து சார்ஜையும் எடுக்கணும், தாமதம் பேங்க் பக்கம்னா நாளைக்கு 5,000ங்கறதுதான் அந்த உத்தரவு. நீங்க கடன்காரர் இல்ல, ஏலத்துல எடுத்தவர். மிரட்டினா அவங்க லீகல் செக்ஷன் இதையே பதிலா எழுதி ஃபைலை மூடிடும்.

பண்ண வேண்டியது, சான்றிதழ் காப்பி, பணம் கட்டின ரசீதுங்க, இப்பத்திய ஈசி, கூட மேல சொன்ன 'இந்தச் சொத்தைப் பொறுத்த மட்டும்' டிராஃப்ட், நாலையும் சேத்து பிராஞ்சுக்கு இல்லாம ரீஜனல் ஆபீஸ் ரெக்கவரி செக்ஷனுக்கு அனுப்புங்க. பிராஞ்ச்ல அந்த லோன் எப்பவோ எழுதித் தள்ளிருப்பாங்க, ஃபைலே இருக்காது. முப்பது நாள்ல பதில் இல்லன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்ல புகார் போடலாம், காசு கிடையாது. வாங்கறவர்கிட்ட அக்ரிமெண்ட் போடும்போது கிரயத் தேதியை இதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு மூணு மாசம் தள்ளி வச்சுக்கோங்க, ரசீது வந்தப்புறம்தான் அட்வான்ஸ் தவிர மத்த பணம்னு ஒரு வரி சேத்துட்டா அவரும் தைரியமா காத்திருப்பார்.